எமது வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரை எமது வட்டம் ஆற்றிய பணிகளை யாப்பு விதிக்கமைய இச்சபை முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோலப் பௌர்ணமி விடுமுறை நாட்களில் பிற்பகல் வேளையில் நடைபெற்றன. மாரி மழை காரணமாக ஒரு கூட்டம் பிற்போடப்பட்டது. நவராத்திரியில் வாணி விழா நடந்தேறியது. மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குச் சிறுவர் நூல்கள் கையளிக்கப்பட்டன. இவ்வாண்டில் எம்மைப் பிரிந்த மூத்த அங்கத்தவர்களின் குடும்பத்தினருக்கு வட்டத்தின் அனுதாபம் நேரில் தெரிவிக்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணியாக அமைந்த வாசிப்புத் தொடரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. கடந்த பொதுக்கூட்டத்தில் எழுந்த சர்ச்சை பலருக்கும் நினைவிருக்கும். துப்பறியும் நாவல்களுக்கு எமது அலுமாரியில் இடம் கொடுப்பது வட்டத்தின் தகுதிக்குக் குறைவென்று ஒரு சாரார் வாதிட்டனர். மற்றச் சாராரோ, யாருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்ற குடும்ப வரலாறுகளை மாதம் முழுவதும் வைத்து வாசிப்பதால் மற்றவர்களுக்கு என்ன பயன் என்று கேட்டனர். இரண்டையும் மாறி மாறி ஆண்டு முழுவதும் வாசிப்போம் என்று நான் முன்வைத்த யோசனையை நீண்ட விவாதத்தின் பின்னர் நிர்வாக சபை ஏற்றுக்கொண்டது. அந்த முடிவு குறித்து இன்றுவரை குறை கூறப்படுவதால், அதற்கான காரணங்கள் இவ்வறிக்கையில் பதிவாவது நல்லது.

இவ்விரு வாசிப்புகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆவல்தான் என்பது என் உறுதியான கருத்து. இன்னாருக்கு இன்னார் என்ன முறை, அந்த வீட்டில் உண்மையில் நடந்தது என்ன, அதை அறிந்தும் வாய் திறவாதவர் யார் என்பவற்றையே இரு வகை வாசகரும் தேடுகின்றனர். கொலை மர்மக் கதையில் முதற் சில பக்கங்களில் ஓர் உடல் விழுகிறது. அதன் பின்னர் வாசகர் செய்வதெல்லாம் உறவுமுறைக் கணக்குத்தான்: மரண சாசனத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் நீக்கப்பட்டது, வேறு பெயரில் வந்து தங்கியிருப்பவர் யாருடைய பிள்ளை. குடும்ப வரலாற்றுக்குள்ளும் நாம் பெரும்பாலும் ஒரு மரணத்தின் வழியாகவே நுழைகிறோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வந்தவர்களின் கையில் கொடுக்கப்படும் கல்வெட்டு எனும் அச்சிட்ட நினைவு நூலைப் புரட்டும்போதுதான், எத்தனையோ காலம் பழகிய அயலவர் தமக்கு மச்சான் முறையானவர் என்பதைப் பலர் முதன்முதலில் அறிகின்றனர்.

தொடரின் முதல் நூலாக, அகதா கிறிஸ்டி 1942 இல் வெளியிட்ட ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ நாவலைத் தெரிவு செய்தோம். தந்தைக்கு நஞ்சூட்டிக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறையில் இறந்துபோன தன் தாய் உண்மையில் குற்றவாளிதானா என்பதைத் திருமணத்துக்கு முன்னர் அறிந்துவிட வேண்டுமென்று ஒரு பெண் துப்பறிவாளரை நாடி வருவதே அதன் தொடக்கம். கொலை நடந்து பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. கைரேகையோ காலடித் தடமோ எஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே துப்பறிவாளர், அன்று அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரிடமும் நடந்ததை எழுதித் தரும்படி கேட்கிறார். ஐந்து பேரும் அதே நாட்களைப் பற்றித்தான் எழுதுகின்றனர். ஆனால் ஒவ்வொருவர் எழுத்திலும் அந்தத் தாய் வேறொரு பெண்ணாகத் தெரிகிறாள். இது கொலை மர்மமா, குடும்ப வரலாறா என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலவில்லை. இறுதி அத்தியாயங்களுக்கு முன் வாசிப்பை நிறுத்தி, அவரவர் ஐயுறும் பெயரைக் காரணத்துடன் எழுதி உறையிலிட்டு என்னிடம் தரும்படி கேட்டிருந்தேன். துப்பறியும் நாவல்களைக் கடுமையாக எதிர்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் உறையே எல்லாவற்றிலும் கனமாக இருந்தது. ஐந்து வாக்குமூலங்களையும் நேர வரிசைப்படி கட்டமிட்டு, முரண்படும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்திருந்தார்.

அடுத்த அமர்வில், துப்பறியும் கதைக்கென இங்கிலாந்தில் ரொனால்ட் நொக்ஸ் என்ற பாதிரியார் 1929 இல் வகுத்த பத்து விதிகளை ஆராய்ந்தோம். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வாசகருக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும், துப்பறிவாளர் கண்ட தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பன அவற்றுட் சில. முன்கூட்டியே வாசகரை ஆயத்தப்படுத்தாமல் இரட்டையரைக் கதைக்குள் கொண்டுவரலாகாது என்பது பத்தாவது விதி. அவ்விதியை வாசித்தபோது எமது ஊரின் நாவல் பேச்சுக்கு வந்தது இயல்பே. திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி 1891 இல் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’, பிறந்தவுடன் காட்டில் பிரிந்துபோன இரட்டையரின் கதையாகும். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிவந்த அக்கதையில் ஒரு பிள்ளை கரடியிடமும் மற்றப் பிள்ளை அரண்மனையிலும் வளர்ந்து, பின்னர் ஒருவரையொருவர் உடன்பிறந்தோர் என அறிகின்றனர். இலங்கையின் முதல் தமிழ் நாவலான சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இல் வந்தது. எமது ஊர் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895 இல் வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே திருகோணமலையிலிருந்து வெளிவந்த கதை, தொலைந்த பிள்ளை யார் பிள்ளை என்ற கேள்வியின்மேல் நின்றது என்பதை எமது இளைய அங்கத்தவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்தப் பத்தாவது விதி பின்னர் எமக்கு உண்மையாகவே கைகொடுத்தது. உப்புவெளியில் வசிக்கும் அங்கத்தவர் ஒருவர் தம் தாயாரின் பிறந்த ஆண்டு பற்றிய ஐயத்தைக் குடும்ப வரலாற்று அமர்வில் எடுத்துரைத்தார். 1990 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு பத்திரங்களும் எரிந்துவிட்டன. அதன் பின்னர் பெற்ற உத்தேச வயதுச் சான்றிதழில் 1940 என்று எழுதப்பட்டிருந்தது. தாயாரோ தம் வாழ்நாள் முழுவதும், “யப்பான்காரன் குண்டு போட்டபோது நான் மூன்று மாதக் கைக்குழந்தை” என்றே சொல்லி வந்தவர். துறைமுகத்தின்மீதும் சீனக்குடாவின்மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி. சான்றிதழை நம்புவதா, தாயின் சொல்லை நம்புவதா என்பதே கேள்வி.

அமர்வில் இருந்த அனைவரும் துப்பறிவாளராகவே மாறிவிட்டனர். தாயாரின் தமையனாருடைய கல்வெட்டு ஒன்று தம்பலகாமத்தில் உறவினர் வீட்டு அலுமாரியில் கிடைத்தது. அட்டையில் துருவேறிய கம்பித் தடம், உள்ளே சிவபுராணம், நடுப்பக்கத்தில் வம்சாவளி. தமையனார் 1940 ஐப்பசியில் தலைமகனாகப் பிறந்தவர் என்றும், இத்தாயார் அவருடைய தங்கை என்றும் அதில் அச்சாகியிருந்தது. தமையன் 1940 ஐப்பசியில் பிறந்திருக்க, தங்கை அதே ஆண்டில் எப்படிப் பிறந்திருக்க முடியும்? “இரட்டையராக இருந்தால்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் நொக்ஸின் விதியை நினைவூட்டினார். அதையும் விட்டுவிடாமல் விசாரித்ததில், இருவரும் வெவ்வேறு ஆண்டுகளில் பாடசாலையில் சேர்ந்ததை அறிந்த மூத்த உறவினர் ஒருவர் அந்த ஐயத்தை நீக்கினார். தாயின் கூற்றே பொருந்தியது. அவர் பிறந்தது 1942 தைப் பக்கம். அன்று மண்டபக் காவலர் திறப்புக் கொத்துடன் வாசலில் வந்து நிற்கும்வரை எவரும் கலையவில்லை. வருகைப் பதிவேட்டில் இவ்வாண்டின் மிகக் கூடிய கையொப்பங்கள் அந்நாளுக்கே உரியவை என்பதை, இத்தொடரால் அங்கத்தவர்கள் விலகிச் சென்றனர் என்று கூறுவோரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இரு வகை நூல்களுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடும் பேசப்பட்டது. துப்பறியும் நாவலில் இறுதி அத்தியாயம் விடை தந்துவிடும். எமது மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் வரலாற்றில் அந்த அத்தியாயம் எழுதப்படவில்லை. போனவர் எங்கே என்ற கேள்வியுடன் படம் மாத்திரம் சுவரில் இருக்கிறது. தாம் துப்பறியும் நாவல்களை விரும்பி வாசிப்பதற்கு, அங்கே செய்தவரின் பெயர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படுவதுதான் காரணம் என்று ஓர் அம்மையார் கூறினார். இவ்வகை நூல்கள் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியவை என்று அதன் பின்னர் எவரும் வாதிடவில்லை.

இத்தொடரின் பயனாக நிர்வாக சபையின் அனுமதியுடன் நான் பொறுப்பேற்ற பணி, திருகோணமலை மாவட்டத்துக் கல்வெட்டுகளைச் சேகரித்து ஊர்வாரியாக ஒழுங்குபடுத்துவதாகும். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் சட்டமாகியிருந்தாலும், பதிவாளர் தரும் பத்திரத்தில் மாமியையும் மருமக்களையும் பெறாமக்களையும் காண இயலாது. கல்வெட்டில் காணலாம். நூலகம் எண்ணிம நூலகத்தினர் நினைவு மலர்களையும் இணையத்தில் ஏற்றிப் பாதுகாத்து வருவது நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரி. நிலாவெளி, சாம்பல்தீவு, கட்டைபறிச்சான், தம்பலகாமம் ஆகிய ஊர்களுக்குத் தனித்தனிக் கோப்புகள் திறக்கப்பட்டுள்ளன. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடுவதால், கம்பியை அகற்றி நூலால் தைக்கும் வேலையை மாணவ அங்கத்தவர்கள் இருவர் மிகுந்த பொறுமையுடன் செய்து வருகின்றனர். கல்வெட்டு அச்சிடும் வழக்கமில்லாத குடும்பங்களும் விடுபடக்கூடாது. கிண்ணியா அங்கத்தவர் ஒருவர் தம் வீட்டுப் பழைய காணி உறுதிகளிலிருந்தே, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற வரிகளைத் தொடர்ந்து சென்று, நான்கு தலைமுறைப் பெயர்களை எடுத்துத் தந்திருக்கிறார்.

ஆயினும் இப்பணி எதிர்பார்த்த வேகத்தில் நடைபெறவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியுள்ளது. வீட்டில் கட்டுக்கட்டாகக் கல்வெட்டுகள் இருப்பதாகக் கூட்டத்தில் எழுந்து நின்று வாக்களித்தவர்களில் மிகச் சிலரே கொண்டுவந்தனர். வட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படத்தை அனுப்பும் அங்கத்தவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. வாணி விழாவுக்கு மாத்திரம் சமூகமளிப்போருக்கும் வட்டத்தின் ஏனைய பணிகளில் கடமை உண்டு. இரவல் சென்ற துப்பறியும் நாவல்கள் பல இன்னும் திரும்பவில்லை. திரும்பி வந்த ஒன்றின் முதற் பக்கத்தில் கொலையாளியின் பெயரை யாரோ பேனாவால் எழுதி வைத்திருந்தார். அடுத்து வாசிக்கக் காத்திருந்தவருக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதியை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. நூல் வழங்கும் விதிகளில் இதற்கொரு திருத்தம் இன்று முன்மொழியப்படும்.

அங்கத்துவச் சந்தா பற்றியும் கூறியாக வேண்டும். அங்கத்தவர்களில் கணிசமானோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலர் முன்னைய ஆண்டுகளுக்குரியதையும் செலுத்தவில்லை. பெயர்ப் பட்டியலைச் சபையில் வாசிப்பது முறையல்ல என்று தலைவர் கருதுவதால் அதைத் தவிர்க்கிறேன். பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. தேநீர்ச் செலவையும் போட்டோப் பிரதிச் செலவையும் பல மாதங்களில் ஒரு சிலரே தம் கையிலிருந்து கொடுத்தனர் என்பதையும் சபை அறிய வேண்டும்.

வரவுசெலவைப் பொறுத்தவரை, வரவு சந்தாவாலும் நன்கொடையாலும், செலவு நூல் கொள்வனவு, மண்டபப் பராமரிப்பு, கோப்புகள், விழா ஆகியவற்றாலும் அமைந்தன. சிறியதொரு மீதி வங்கியில் உள்ளது. கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

மண்டபத்தைத் தந்துதவியோருக்கும், வழிகாட்டிய தலைவருக்கும் போஷகர்களுக்கும், கணக்குகளைக் கவனித்த பொருளாளருக்கும், தேநீர் பொறுப்பேற்ற மகளிர் அணியினருக்கும், வெளிநாடுகளிலிருந்து நூல்கள் அனுப்பிய அன்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டில் சம்பூர், திருக்கடலூர்க் கோப்புகளைத் திறக்கவும், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களுக்கும் குடும்பப் பெயர்களுக்கும் அட்டவணை ஒன்று தயாரிக்கவும் எண்ணியுள்ளோம். தமிழில் எழுதப்பட்ட பழைய துப்பறியும் நாவல்களிலிருந்து ஒன்றையும் தொடரில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் செயலாளர் பதவியையும் சேகரிப்புப் பணியையும் ஒருவரே தொடர்ந்து சுமப்பது இயலாத காரியம். பொறுப்பேற்க முன்வருவோர் இன்றே பெயர் கொடுத்தால், கோப்புகளையும் அலுமாரித் திறப்பையும் முறைப்படி ஒப்படைக்க ஆயத்தமாக உள்ளேன். எவரும் முன்வராத பட்சத்தில், உதவிச் செயலாளர் ஒருவரையும் ஊருக்கொரு சேகரிப்பாளரையும் சபை நியமித்துத் தர வேண்டும். அந்தியேட்டிக் கல்வெட்டுகளை வீடு துப்புரவு செய்யும்போது பழைய பத்திரிகைகளுடன் கட்டி விற்றுவிடாமல் எமக்குத் தாருங்கள்; மூலப் பிரதியைப் பிரிய மனமில்லாதவர்கள் ஒரு நாள் இரவலாகத் தந்தாலும் போதும், பிரதி எடுத்துக்கொண்டு பற்றுச்சீட்டுடன் திருப்பித் தரப்படும். நிலுவைச் சந்தாவைக் கூட்ட முடிவில் வாசலருகே பொருளாளரிடம் செலுத்தலாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
நிர்வாக சபைக்காக,
திருகோணமலை.