லேப்டாப்பிலேயே ஒரு கிராஷ் சர்வர்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா! இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளை மறுபடி வரி விடாமல் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் புரோகிராம் கிராஷ் ஆகும்போது அனுப்பும் அறிக்கைகளை வாங்க, அவற்றைச் சேகரித்துக் காட்டும் சென்ட்ரி என்ற மென்பொருளை லேப்டாப்பில் நிறுவலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். காஃப்கா, கிளிக்ஹவுஸ் என்று துணை மென்பொருள்களின் ஒரு படையே டாக்கரில் எழுந்து நிற்கும், 16 ஜிபி ராம் கேட்கும். அப்புறம் உன் புரோகிராமைக் கம்பைல் செய்ய எங்கே இடம்?

புரோகிராமில் சேர்த்திருக்கும் கிராஷ் அறிக்கைக் கருவி பிரேக்பேடாக இருந்தாலும் கிராஷ்பேடாக இருந்தாலும் அனுப்புவது சாதாரண எச்டிடிபி போஸ்ட்தான். 'அப்லோட்_ஃபைல்_மினிடம்ப்' என்ற பெயரில் மினிடம்ப், அதாவது கிராஷ் ஆன நொடியில் புரோகிராம் இருந்த நிலையின் சிறு பதிவு, உள்ளே இருக்கும். அதை எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவைக்கச் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். நீ கிராஷ்பேட் வைத்திருப்பதால் இரண்டு விஷயம். அது போஸ்ட்டை ஜிசிப்பில் சுருக்கி அனுப்பும். ஸ்கிரிப்ட் அதை விரிக்காவிட்டால் குப்பைதான் வந்து சேரும். இன்னொன்று, மணிக்கு ஓர் அறிக்கைக்கு மேல் அனுப்பாது. முதல் கிராஷ் வந்து அடுத்தது வராவிட்டால் சர்வரைத் திட்டாதே. கிராஷைப் பிடித்து அனுப்பும் கிராஷ்பேட் ஹேண்ட்லரை 'நோ-ரேட்-லிமிட்', 'நோ-அப்லோட்-ஜிசிப்' என்ற இரண்டு ஆப்ஷனும் கொடுத்துத் தொடங்கு.

உண்மையான வேலை சிம்பலில்தான், அதாவது முகவரி எண்களை ஃபங்ஷன் பெயர்களாக மாற்றும் தகவலில்தான், இருக்கிறது. ஒவ்வொரு பில்டுக்கும் டம்ப்_சிம்ஸ் என்ற கருவியை ஓட்டி, வரும் சிம் ஃபைலின் முதல் வரியைப் பார். 'மாட்யூல்' என்று தொடங்கி, ஓ.எஸ்., பிராசஸர், நீளமான ஓர் ஐடி, பைனரியின் பெயர் என்று போகும். பைனரி பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த ஐடி பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் சிம் ஃபைல். ஐடியில் ஓர் எழுத்து மாறினாலும், மினிடம்ப்பைப் படித்துக் காட்டும் ஸ்டாக்வாக் கருவி உன் ஃபங்ஷன் பெயரைக் காட்டாது. வெறும் ஆஃப்செட் எண்தான்.

ஸ்டாக்வாக் காட்டும் ஸ்டாக்கை, அதாவது ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்த வரிசையைப் படிக்கும்போது, ஒவ்வொரு ஃபிரேமின் (ஓர் அழைப்பின்) கீழும் அதை எப்படிக் கண்டுபிடித்தது என்று எழுதியிருக்கும். 'கால் ஃபிரேம் இன்ஃபோ' என்றிருந்தால் நம்பலாம். 'ஸ்டாக் ஸ்கேனிங்' என்றால் ஊகம். அதை வைத்துக்கொண்டு பக் தேடப் போனால் பொழுது வீண். பெரும்பாலும் சிம்பல் இல்லாத ஏதோ ஒரு லைப்ரரிதான் நடுவில் இருக்கும்.

உன் ஸ்கிரிப்ட் சர்வரை 127.0.0.1-இல், அதாவது அந்த லேப்டாப்பிலிருந்து மட்டுமே எட்டும் முகவரியில், மட்டும் கேட்க விடு. மினிடம்ப்பில் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்கும் அப்படியே வரும், பாஸ்வேர்டு கிடந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

எங்காவது சிக்கினால் சிம் ஃபைலின் முதல் வரியையும், ஸ்டாக்வாக் கொடுத்த மாட்யூல் பட்டியலையும் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

அன்புடன்,
சேகர்