மாகாணசபைக்கு நிற்கப் போற போடியாருக்கு

களுவாஞ்சிக்குடி

மச்சான்,

உன்ட ரெண்டு கடிதத்துக்கு நான் பதில் போடல்ல. ஏசு, கேட்டுக்கொள்றன். வீட்டில எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் நோவு அப்படியே. இப்ப அவசரமா எழுதுறதுக்குக் காரணம் ஓடாவியார். நேற்றுச் சந்தையில கண்டு, நீ மாகாணசபைக்கு நிற்கப் போறாய், சுயேட்சைக்குழு, தலைமை வேட்பாளர் நீதான், சின்னம் மாட்டுவண்டில் எண்டு சொல்றார். அவர்ட கதையில பாதியைக் கழிக்கோணும் எண்டு தெரியும். ஆனா மாட்டுவண்டில் எண்டதும் இது உன்ட மூளைதான் எண்டு விளங்கிட்டு.

முதல்ல சின்னத்தை மற. தேர்தல் ஆணைக்குழுவின்ட பட்டியல்ல இருக்கிறதுக்குள்ளதான் எடுக்கலாம். ரெண்டு குழு ஒண்டையே கேட்டாச் சீட்டுப் போடுவாங்கள்.

தேர்தல் வருமா எண்டு நான் சோதிடம் பார்க்கல்ல. கிழக்கு மாகாணசபை 2017 செப்டம்பர் 30ஓட முடிஞ்சுது. அதே வருசம் கொண்டுவந்த மாகாணசபைத் தேர்தல் திருத்தச் சட்டம் பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் எண்டுது. தொகுதி பிரிச்ச அறிக்கையை 2018இல பாராளுமன்றம் தோற்கடிச்சிட்டு. அந்த முடிச்சை அவிழ்க்காம தேர்தல் வைக்க ஏலாது. முழுக்க விகிதாசாரமான பழைய முறையில வைச்சா உனக்கு மட்டக்களப்பு மாவட்டம் முழுக்கக் களம், வாகரையில இருந்து துறைநீலாவணை வரைக்கும். புது முறை எண்டா ஒரு தொகுதிக்குள்ள நின்டு பார்க்கலாம், உன்னைப்போல ஊர்ச் செல்வாக்கு உள்ளவனுக்கு அதுதான் நல்லம். எது எண்டு தெரியாம நீ பதாகைக்கு அளவு எடுக்கிறாய்!

பழைய முறை எண்டே வைப்பம். மொத்தம் 37 ஆசனம்: அம்பாறைக்கு 14, நமக்கு 11, திருகோணமலைக்கு 10, மிச்சம் ரெண்டும் மாகாணத்தில முதலாவதா வாற கட்சிக்குப் போனஸ். 2012 மாகாணசபைத் தேர்தல்ல நம்மட மாவட்டத்தில தமிழரசுக் கட்சி ஒரு இலட்சத்து நாலாயிரத்துக்கு மேல எடுத்து 6, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 64 ஆயிரம் எடுத்து 4, முஸ்லிம் காங்கிரஸ் 23 ஆயிரம் எடுத்து 1. செல்லுபடியான வாக்கு ரெண்டு இலட்சத்து ஐயாயிரத்துக்கு மேல. பதினொண்டால பிரி, ஒரு ஆசனத்தின்ட விலை 18 ஆயிரத்து எழுநூறு அளவில வரும். அந்த 64 ஆயிரத்துக்கு மூண்டுதான் முழுசாக் கிடைச்சது, நாலாவது மிச்ச வாக்கில வந்தது. அந்த மிச்சமே எட்டாயிரம் அளவு, கவனி.

இது பழைய விலை. 2024 பாராளுமன்றத் தேர்தல்ல மாவட்டத்தில பதிஞ்ச வாக்காளர் நாலரை இலட்சம், செல்லுபடியான வாக்கு ரெண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல. அதே சனம் வந்து போட்டா உன்ட ஆசனம் 26 ஆயிரத்துக்குக் கிட்ட. முனைக்காடு, மகிழடித்தீவு, பண்டாரியாவெளி எண்டு நீ விரல் மடிக்கிறது எனக்கு இஞ்ச இருந்தே தெரியுது. பட்டிப்பளைப் பிரதேசத்தில தொட்டில்ல கிடக்கிற பிள்ளையையும் சேர்த்து எண்ணினாத்தான் அந்தக் கணக்குக் கிட்டவா வரும். சொந்தக்காரன் எல்லாம் போடுவான் எண்டு மட்டும் சொல்லாத. கலியாணத்துக்கு வாறவன் எல்லாம் வாக்குப் போட்டா நம்மட மீசை சேர் எப்பவோ மந்திரி.

மறுகா பட்டியல். பழைய முறையில ஆசனத்தோட மூண்டு கூட்டி, 14 பெயர் குடுக்கோணும். 13 இருந்தாலும் மனு தள்ளுபடி. கடைசி நேரத்தில ஒருத்தன் பின்வாங்குவான், அதுக்கும் முதலே ரெண்டு பேரைக் கையில வை. ஆளைப் போட முதல் கேட்கவேண்டியது: இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கா? 2022இல வந்த 21ஆவது திருத்தத்தோட பாராளுமன்றத்துக்கு அது தடை, மாகாணசபைக்கும் சும்மா நினைச்சுப் போடாத, கச்சேரியில, மாவட்டச் செயலகத்தில, கேள். சுவிஸில இருந்து வந்து நிற்கிற உன்ட மச்சினனை மனசில வைச்சுத்தான் சொல்றன். அரச உத்தியோகம் பார்க்கிறவன் எண்டா அவன்ட பதவியில இருந்துகொண்டு நிற்கலாமா, லீவு எடுக்கோணுமா எண்டும் கேள். ஒவ்வொருத்தரின்ட ஒப்புதல் கையெழுத்தும் இருக்கோணும், சத்தியப்பிரமாணம் சமாதான நீதவானுக்கு முன்னால முடியோணும். முத்திரை குத்தாம வந்த தாளை ஆரும் இரக்கப்பட்டு ஏற்கமாட்டான். 2024இல வேட்புமனு கடைசி நாள் நண்பகல் 12 மணியோட மூடினாங்கள், ஒன்றரை வரைக்கும் ஆட்சேபம். கட்டுப்பணம் அதுக்கு முதல் நாள் நண்பகலோட சரி. காசைக் கடைசி நாள் கட்டலாம் எண்டு போனா வாசல்ல நின்டு பார்க்கலாம்.

நீ தலைமை வேட்பாளர் எண்டதுக்குத் தனியா ஆசனம் இல்ல. ஒரு ஆசனம் கிடைச்சா அது பட்டியல்ல கூடின விருப்பு வாக்கு, ஆளின்ட இலக்கத்துக்கு விழுற வாக்கு, எடுத்தவனுக்கு. அதால உன்ட இலக்கத்தைச் சனத்துக்குக் காட்டிக் குடுக்கிறது பெரிய வேலை. குழுவின்ட சின்னத்துக்கு நேர ஒரு புள்ளடி (X), மறுகா கீழ இலக்கத்துக்கு மூண்டு வரைக்கும். இலக்கத்துக்கு மட்டும் போட்டுச் சின்னத்துக்குப் போடாட்டி வாக்கு பழுது. ரெண்டு சின்னத்துக்குப் போட்டாலும் பழுது. மூண்டுக்கு மேல இலக்கம் குறிச்சா குழுவுக்கு வாக்கு சேரும், விருப்பு வாக்கு மட்டும் செல்லாது. சனாதிபதித் தேர்தல்ல 1, 2, 3 எண்டு எழுதின பழக்கத்தில வயசு போன ஆக்கள் இதிலயும் எழுதப் பார்ப்பாங்கள். மாதிரி வாக்குச்சீட்டு அடிச்சுக் கையில பிடிச்சுப் பழக்காம உன்ட பேச்சை எவ்வளவு கேட்டும் பிரயோசனம் இல்ல, அது எப்படியும் நீளம்.

இனி நான் எழுத வந்த விசயம். உன்னை நிற்கச் சொன்னது ஆர்?

கோவிக்காத. 2024இல நம்மட மாவட்டத்தில மட்டும் ஐம்பதுக்குக் கிட்ட அணி. அதில கனக்க எடுத்தது சில நூறு வாக்கு. அவங்கள் எல்லாம் கணக்குத் தெரியாம நின்டவங்கள் எண்டு நினைக்கிறியா? கடைசி ஆசனம் மிச்ச வாக்கில தீருது. அதே தேர்தல்ல 31 ஆயிரத்துக்கு மேல எடுத்த கட்சி ஒண்டுக்கு ஒரு ஆசனமும் இல்ல. அப்படி நெருங்கிற இடத்தில, வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில ரெண்டாயிரம் வாக்கை உன்ட பெயர் இழுத்தா, சிரிக்கிறவன் வேறொருத்தன். அது மட்டுமில்ல. ஒவ்வொரு குழுவுக்கும் வாக்குச்சாவடி முகவர், எண்ணும் இடத்து முகவர், வாகன அனுமதி எல்லாம் கிடைக்கும். பெரிய அணி சின்னக் குழுவை நிறுத்தி அந்த அட்டைகளைத் தன்ட ஆட்களுக்கு வாங்கிக்கொள்றது புது வித்தை இல்ல. ஓடாவியார் சொல்றார், நோட்டீஸ் செலவை ஒரு கொந்தராத்துக்காரர் பாரம் எடுத்திருக்காராம். அவருக்குப் படுவான்கரைக்கு என்ன செய்ய விருப்பம்? மணல் அள்றதைத் தவிர நான் ஒண்டும் காணல்ல.

சட்டமும் முந்தி மாதிரி இல்ல. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டத்தின்படி பெறுபேறு வந்து 21 நாளுக்குள்ள ஆர் தந்தது, எதுக்குச் செலவு எண்டு கணக்குக் குடுக்கோணும். தோத்தவனும் குடுக்கோணும். குடுக்காத வேட்பாளர்கள் மேல பொலிஸ் வழக்குப் போட்டது உனக்கும் தெரியும். காசு தந்தவர் தன்ட பெயர் எழுதவேணாம் எண்டு சொன்னா, அந்த நிமிசமே கையைக் கழுவு.

உனக்கு உண்மையாவே நிற்க ஆசை எண்டா, குளக்கட்டும் யானைவேலியும் பற்றிக் கதைக்க உன்னைவிட ஆள் இல்ல, அதை நான் எங்கயும் சொல்லுவன். கட்சிப் பட்டியல்ல இடம் கேட்டுப் பார். இல்லாட்டி முதல்ல பிரதேச சபை வட்டாரம் ஒண்டு. அங்க உன்ட விரல்கணக்கு செல்லும்.

பதினாலு பெயரையும் கொந்தராத்துக்காரர் தாறதா சொன்ன தொகையையும் ஒரு தாள்ல எழுதி அனுப்பு. பார்த்திட்டுத்தான் எருவில், மகிழூர்ப் பக்கம் உனக்காக வாறதா இல்லையா எண்டு சொல்லுவன். வந்தா ஓட்டோ எண்ணெய் உன்ட கணக்கு. அதையும் செலவு அறிக்கையில எழுது.

உன்ட,
சின்னவன்