பசான் கட்சியிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய குய்தோ அரிஸ்தார்கோ அவர்களுக்கு,

நீங்கள் இத்தாலிய சினிமா விமர்சகர். உங்கள் ஊரில் கறாரான விமர்சகரை 'அரிஸ்தார்கோ' என்றுதான் சொல்வார்களாம். ஹோமரின் வரிகளைச் சலித்தெடுத்த பழைய கிரேக்க அறிஞரின் பெயர் அது. உங்களுக்குக் குடும்பப் பெயராகவே வாய்த்துவிட்டது. பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான்.

1951இல் சினிமாக் கோட்பாடுகளின் வரலாற்றை எழுதியது, பிற்பாடு தூரினிலும் ரோமிலும் பேராசிரியராக இருந்தது எல்லாம் இருக்கட்டும். எனக்கு உங்களைப் பத்திரிகை ஆசிரியராகத்தான் பிடிக்கும்.

1952 டிசம்பரில் மிலானில் 'சினெமா நுவோவோ' தொடங்கினீர்கள். நாலாவது இதழிலேயே வம்பு வந்தது. ரென்ஸோ ரென்ஸி எழுதிய திரைப்படத்துக்கான கதை யோசனை ஒன்றை அதில் போட்டீர்கள். கிரேக்கத்தை இத்தாலியப் படை ஆக்கிரமித்திருந்த நாட்களில், பட்டினியில் கிடந்த பெண்களைச் சிப்பாய்கள் ரொட்டி கொடுத்து வளைத்த கதை. ரென்ஸியே அந்தப் படையில் இருந்தவர். எழுதிய அவரையும் அச்சிட்ட உங்களையும் 1953 செப்டம்பரில் பிடித்து, கார்தா ஏரிக்கரையில் பெஸ்கியெரா கோட்டையில் இருந்த ராணுவச் சிறையில் அடைத்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு எதற்கு ராணுவ நீதிமன்றம்? ஒருமுறை சிப்பாயாக இருந்தவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் சிப்பாய்தான் என்றது அன்றைய சட்டம். படையை அவமதித்ததாகத் தீர்ப்புச் சொல்லி, தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விட்டார்கள். நீங்கள் இருவரும் மறு வருடமே அந்த வழக்கைப் புத்தகமாக்கிவிட்டீர்கள்!

இனி என் சண்டை. 1954இல் வெனிஸ் விழாவுக்கு வந்த இயக்குநர் விஸ்கோந்தியின் 'சென்ஸோ' படத்தைத் தூக்கிப் பிடித்தீர்கள். எளிய மனிதர்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டிய இத்தாலிய சினிமாப் போக்கான நியோரியலிசம் அன்றாடச் சம்பவங்களைச் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது, வரலாற்றின் ஓட்டத்தைக் காட்ட வேண்டும் என்று மார்க்சியச் சிந்தனையாளர் லூகாச்சைத் துணைக்கு அழைத்தீர்கள். சரி, அதுவரை ஒப்புக்கொள்கிறேன். அதே விழாவுக்கு வந்த ஃபெலினியின் 'லா ஸ்த்ராதா'வையும் அந்தத் தராசில்தான் நிறுத்த வேண்டுமா? அதன் நாயகி ஜெல்சொமீனா ஒரு கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறாளே, அந்த இடத்தில் வரலாற்றைத் தேடி என்ன ஆகப்போகிறது?

பிரான்ஸில் சினிமா விமர்சகர் ஆந்த்ரே பசானுக்கும் உங்கள்மேல் இப்படி ஒரு மனத்தாங்கல் இருந்தது. இயக்குநர் ரோஸலினி நியோரியலிசத்தை விட்டு விலகிவிட்டார் என்ற உங்கள் தரப்பை மறுத்து, உங்களுக்கே கடிதம் எழுதினார். 1955 ஆகஸ்டில் அது வெளியானது உங்கள் பத்திரிகையிலேயே.

அந்தக் கடிதத்தை நீங்களே மெய்ப்புப் பார்த்தீர்களா? ஏதாவது ஒரு வரியிலாவது பேனா தயங்கி நின்றதா?

இப்படிக்கு,
பசான் கட்சிக்காரன் ஒருவன்