சல்லடைக் கண் பெரிதானால் கடலடி காலியாகத்தான் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் வந்த ஆழ்கடல் கட்டுரையைப் படித்தேன். ஆழ்கடலுக்கு ஆள் அனுப்பும் சமுத்ரயான் திட்டத்தையும் மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் ஆழம் வரை போக சென்னையில் தயாராகிற மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியையும் பற்றி எழுதியிருந்தது நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: ஆழம் போகப் போக உயிரினங்கள் குறைந்துகொண்டே வந்து, அடியில் வெறும் பாலைவனம்தான் மிஞ்சுகிறதாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். போடாவிட்டாலும் பரவாயில்லை, போட்டால் பாதியில் வெட்டாதீர்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் படகில் போய் பதினைந்து, இருபது மீட்டர் ஆழத்துச் சேற்றை அள்ளி வாளியில் கொண்டுவருவார்கள். அதை அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கொட்டி, கடல் தண்ணீர் ஊற்றி மெல்ல மெல்ல அலசி, மிஞ்சியதை ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் என்கிற சாயத்தைக் கலந்து வைக்க வேண்டும். மறுநாள் வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் மணல் மணலாகவே இருக்கும், உயிராக இருந்ததெல்லாம் ரோஜா நிறத்தில் நிற்கும். நூல் மாதிரி புழு, எள்ளு மாதிரி சிப்பி, அரிசிக் குருணை மாதிரி இறால் ஜாதி. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பியில் போட்டுப் போட்டே என் கண் போயிற்று.

ஒரு தடவை அந்தச் சல்லடை கிழிந்துபோய், வேறு வழியில்லாமல் இரண்டு மில்லிமீட்டர் கண் உள்ளதில் அலசிவிட்டார்கள். கிடைத்தது இரண்டு சிப்பியும் ஒரு நண்டுக் காலும். பேராசிரியர் பதறிப்போய், அந்த இடமே செத்துவிட்டதா என்று கேட்டார். நல்லவேளை, அலசிய தண்ணீர் தொட்டியில்தான் இருந்தது. புதுச் சல்லடை வாங்கி வந்து மறுபடி வடித்தால், ஒரு தட்டு நிறையப் புழு!

இதே கூத்து ஆழ்கடல் ஆராய்ச்சியில் நூறு வருஷத்துக்கும் மேல் நடந்திருக்கிறது. 1841, 1842இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்கிற இயற்கை ஆராய்ச்சியாளர் கிரேக்க நாட்டை ஒட்டிய ஏஜியன் கடலில் 230 பாகம் ஆழம் வரை அடித்தரையை வாரிப் பார்த்தார் (நம் கடற்கரையில் இன்றும் பெரியவர்கள் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள், ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர்). ஆழம் கூடக் கூட இனங்கள் குறைந்தன. சரி, இப்படியே போனால் 300 பாகத்துக்குக் கீழே உயிரே இருக்காது என்று கணக்குப் போட்டுவிட்டார். அவர் வாரியதோ இரை குறைவான ஏழைக் கடல். பிறகு 1860இல், சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் நடுவே அறுந்துபோன தந்திக் கம்பியைப் பழுது பார்க்க மேலே இழுத்தபோது, ஏறக்குறைய 1,200 பாகத்தில் கிடந்த துண்டில் பவளம் ஒட்டி வளர்ந்திருந்தது. ஃபோர்ப்ஸ் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் கணக்கை ஒரு அறுந்த கம்பி பொய்யாக்கியது.

அதன்பின் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் 5,000 மீட்டருக்கும் கீழேயிருந்துகூட உயிர்களை எடுத்து வந்தது. உயிர் உண்டு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ‘ஏதோ கொஞ்சம் இருக்கிறது’ என்ற அளவில்தான், ஏனென்றால் வலையின் கண் பெரிது. 1960களில் ஹோவர்ட் சாண்டர்ஸ், ராபர்ட் ஹெஸ்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலிருந்து பெர்முடா வரை ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு நெடுக, தரையை உரசிப் போகும் சறுக்கு வண்டி மாதிரி ஒரு வலையால் சேற்றை வாரி, அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கண்ணில் வடித்தார்கள். 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரே இழுப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள்.

உங்கள் கட்டுரையாளர் ‘குறைகிறது’ என்கிறாரே, எது குறைகிறது? எடையா, தலைக்கணக்கா, வகையா? இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியதால்தான் தப்பு வந்தது. எடை குறைவது உண்மை. கரையோரத் தரையில் ஒரு சதுர மீட்டருக்குச் சில நூறு கிராம் உயிர்கூட இருக்கும், ஆழ்கடல் சமவெளியில் பல இடங்களில் ஒரு கிராம் தேறுவது கஷ்டம். காரணம் சோறுதான். 200 மீட்டருக்குக் கீழே செடி வாழ வெளிச்சம் கிடையாது, மேலேயிருந்து செத்ததும் எச்சமும் தூசி மாதிரி உதிர்ந்து விழுவதைத்தான் கீழே உள்ளவை தின்ன வேண்டும். வழியிலேயே மற்றவை தின்றது போக, நாலாயிரம் மீட்டரில் தரையைத் தொடுவது மேலே விளைந்ததில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. அதனால் தலைக்கணக்கும் குறைகிறது, சராசரி உடம்பும் சிறுத்துப் போகிறது. அதற்கு நேர்மாறாக, அங்கங்கே விழுகிற பிணத்தைத் தேடி அலைய வேண்டிய சில ஜாதிகள் பெருத்தும் விடுகின்றன. கரையில் அரிசிக் குருணை அளவில் நான் பொறுக்கிய, ஆம்பிபாட் என்கிற இறால் ஜாதிக் கூட்டத்திலேயே, ஆழத்தில் 34 சென்டிமீட்டர் வளர்வது ஒன்று உண்டு.

ஆனால் வகை? அது வேறு மாதிரி போகிறது. வடமேற்கு அட்லாண்டிக்கில் கரையிலிருந்து இறங்க இறங்க இனங்களின் எண்ணிக்கை கூடி, 2,000 முதல் 3,000 மீட்டர் வாக்கில் உச்சம் தொட்டு, அப்புறம்தான் குறைகிறது. நியூஜெர்சிக்கு அப்பால் 1,500இலிருந்து 2,500 மீட்டர் வரை எடுத்த 233 சேற்றுப் பெட்டிகளை கிராஸில், மசியோலெக் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1992இல் கணக்குப் போட்டார்கள். எல்லாம் சேர்த்து 21 சதுர மீட்டர் தரை, இரண்டு அறை வீட்டில் பாதிகூட வராது. அதில் 798 இனங்கள், பாதிக்கும் மேல் அதுவரை யாரும் பெயரே வைக்காதவை. பத்து மூட்டை ஒரே அரிசி உள்ள கடையும் கைப்பிடி கைப்பிடியாக நூறு தானியம் உள்ள கடையும் ஒன்றா? ஏன் அந்த நடு ஆழத்தில் உச்சம் என்பதில் விஞ்ஞானிகள் சண்டை இன்னும் ஓயவில்லை.

இன்னொன்று, இது எல்லாக் கடலிலும் ஒரே படிக்கட்டு இல்லை. நம் பக்கத்து அரபிக்கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை தண்ணீரில் பிராணவாயு மிகமிகக் குறைவு. அந்தத் தண்ணீர் தொடும் ஓமன் சரிவில், 400 மீட்டரில் புழுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, இரை ஏராளம், மூச்சுதான் இல்லை, எனவே அதைத் தாங்குகிற நாலைந்து ஜாதிகளின் ராஜ்ஜியம். அந்தப் பட்டையைத் தாண்டிக் கீழே போனால் தலைகள் குறைந்து வகைகள் கூடுகின்றன. உங்கள் கட்டுரையின் கணக்குப்படி இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் வாக்கில் சுண்ணாம்பே கரைந்துபோகும், அதனால் சங்கும் சிப்பியும் ஓடு கட்டப் படாத பாடு படும். இன்னும் கீழே அகழிகளுக்குப் போனால் மீன்கூடப் பின்வாங்கிவிடுகிறது. இதுவரை படம் பிடித்ததிலேயே ஆழமான மீன் 2022இல் ஜப்பான் பக்கம் 8,336 மீட்டரில் தெரிந்த நத்தைமீன். அழுத்தத்தில் புரதம் நசுங்காமல் காக்க மீன்கள் உடம்பில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து வைக்கின்றன, ஆழம் கூடக் கூட அதன் அளவும் கூடும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு என்கிறார்கள். மீன் செத்த பிறகு அதே பொருள் சிதைந்துதான் நமக்குத் தெரிந்த மீன் வாடை வருகிறது. மீன் நின்றுபோன இடத்திலும் தரை காலியாகவில்லை: 1951இல் கலாத்தியா என்ற டேனிஷ் கப்பல் பிலிப்பைன்ஸ் அகழியில் 10,190 மீட்டரிலிருந்து கடல் சாமந்தியையும் கடல் அட்டையையும் வாரி எடுத்தது.

கடல் அட்டை என்றதும் உங்களுக்கு மண்டபம், ராமேஸ்வரம் கடத்தல் செய்திகள் ஞாபகம் வரும். 2001இலிருந்து பிடிக்கத் தடை உள்ள அதே ஜாதிதான். நம் பாக் நீரிணையில் ஆள் இறங்கிக் கையால் பொறுக்குகிற ஆழத்தில் கிடப்பதன் உறவுகள், ஆழ்கடல் சமவெளியில் கண்ணுக்குத் தெரிகிற பிராணிகளில் முன்வரிசையில் நிற்கின்றன. சேற்றைத் தின்று சேற்றையே கழிப்பவை, அவற்றுக்கு அது சொந்த ஊர்.

இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. அதே கட்டுரையின் கடைசிப் பத்தியில், மத்திய இந்தியப் பெருங்கடலின் அடித்தரையில் கிடக்கிற உலோக உருண்டைகளை அள்ள நமக்கு 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கியிருப்பதை (தமிழ்நாட்டுப் பரப்பில் பாதிக்கும் மேல்) சொல்லி, 2021இல் 5,270 மீட்டரில் நம் இயந்திரம் ஓடிப் பார்த்ததையும் சொல்லி, அங்கே உயிர்கள் அதிகம் இல்லாததால் பாதிப்பு குறைவு என்று முடித்திருக்கிறார். பாலைவனம் என்ற சொல் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். அந்த உருண்டை பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்கிறது. சுற்றிலும் சேறாக உள்ள இடத்தில் கடற்பஞ்சும் பவளமும் ஒட்டி நிற்க அதுதான் ஒரே கல். உருண்டையை எடுத்துவிட்டால் அவை எங்கே போய் ஒட்டும்? 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால் அதே மாதிரித் தரையைச் சோதனைக்காக உழுது விட்டார்கள். 26 வருஷம் கழித்து 2015இல் போய்ப் பார்த்தால் உழவு சால் அப்படியே கிடந்தது. உருண்டையை எடுக்கலாமா கூடாதா என்று சொல்ல நான் யார். எடை குறைவு என்பதைக் காட்டி அங்கே ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதாதீர்கள் என்கிறேன்.

கடைசியாக ஒன்று, கட்டுரைக்குப் போட்ட படம். 6,000 மீட்டர் தரையில், நெற்றியில் விளக்கு தொங்குகிற தூண்டில் மீனை வரைந்திருக்கிறீர்கள். அது தரைக்கு மேலே நடுக்கடலில் இருட்டில் மிதக்கிற மீன். அடுத்த முறை ஓவியரிடம் அந்த இடத்தில் ஒரு கடல் அட்டையைப் போடச் சொல்லுங்கள், பார்க்கப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தூத்துக்குடி