படகு விளிம்பில் இரண்டு கோடுகள்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். சித்தியின் பெடியள் இரண்டு பேரும் ரொறன்ரோவில் இருந்து ஜூலையில் வருகிறார்கள், நீ ஒஸ்லோவில் இருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு நோர்வேயின் வடகோடியில் இருக்கிற எங்கள் போட்ஸ்ஃபியோர்டுக்கு வருகிறாய் என்று கேட்டதில் இருந்து அம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. ஆனால் பெடியள் பெரிய ஐஸ்பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள், திரும்பும்போது மீன் நிரப்பிக்கொண்டு போகப் போகிறார்களாம் என்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரியப்பா" என்று வைத்துவிடுவாய்.

ஐஸ்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல். பதிவு செய்த சுற்றுலா மீன்பிடி நிலையத்தில் தங்கிப் பிடிப்பவர்கள்தான், அதுவும் ஓர் அளவுக்குள், தாங்கள் பிடித்த கடல்மீனை நோர்வேயை விட்டு வெளியே கொண்டுபோகலாம். 2021 இல் இருந்து மற்றவர்களுக்கு ஒரு துண்டும் இல்லை. எங்கள் வீட்டில் தங்கி எங்கள் படகில் பிடிக்கும் மீன் எங்கள் சட்டியோடு சரி. கொண்டுபோக ஆசை என்றால் கடையில் வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. இங்கே வாழும் எனக்கு வலை போடலாம், மீனும் நண்டும் அகப்படுகிற கூடு இறக்கலாம், ஒரே கயிற்றில் பல தூண்டில் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலும் விடலாம், எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்குக் கையில் பிடிக்கும் தூண்டில் மட்டும்தான். என் கூட்டை ஒருக்கால் இழுத்துப் பார்க்கிறோம் என்று பெடியள் கேட்டால் நீயே மறித்துவிடு. பிடித்ததை விற்கவும் கூடாது. கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு வேண்டாம், காசும் வேண்டாம். அதனால்தான் பலர் சட்டமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இனி மீன்கள். நீ பதினெட்டு வயதில் இங்கிருந்து போனாய், மறந்திருப்பாய். பெடியளுக்காக இங்கிலீஷ் பெயரையும் எழுதுகிறேன். தொர்ஸ்க்குக்கு, அதாவது கொட் மீனுக்கு, தாடையின் கீழ் ஒரு தாடிமயிர் தொங்கும், விலாவில் வெளிறிய கோடு வளைந்து ஓடும். ஹீசெக்கு (ஹடொக்) அந்தக் கோடு கறுப்பு, செட்டைக்கு மேலே பெருவிரலால் மை ஒற்றினது போல ஒரு புள்ளி. சை (செய்த்) முதுகு கறுத்தது, கோடு நேராய் வெள்ளையாய் இருக்கும். தூண்டிலில் கொளுவினால் சைதான் கையை உளையப் பண்ணும், பெடியளுக்கு அதுதான் கொண்டாட்டம். சதை கொஞ்சம் சாம்பல் நிறம் என்று ஆட்கள் ஒதுக்குவார்கள். எங்கள் தூள் போட்டுக் கறி வைக்க அதைப்போல மீன் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். ஸ்டைன்பித் (வூல்ஃப்ஃபிஷ்) வந்தால் வாய்க்குக் கிட்ட விரலைக் கொண்டுபோக விடாதே. கடல்முள்ளியை ஓட்டோடு நொறுக்குகிற பல் அது.

சிவப்பாய் முழிக்கண்ணோடு வருகிற ஊஎர் (ரெட்ஃபிஷ்) மீனைப் பற்றித் தனியாய்ச் சொல்லவேண்டும். ஆழத்தில் இருந்து இழுத்தால் உள்ளே காற்றுப்பை வீங்கி, வயிறு வாய்வழியே தள்ளிவிடும். திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. மெதுவாய் வளர்கிற மீன். ஒன்று இரண்டு வந்துவிட்டால் இடத்தை மாற்றிவிடு.

படகின் விளிம்பில் நான் கத்தியால் கீறிய இரண்டு கோடுகள் ஞாபகம் இருக்கிறதா? ஒன்று 44 சென்ரிமீற்றர், தொர்ஸ்க்குக்கு. 62 பாகை அகலாங்குக்கு வடக்கே அதற்குக் குறைந்ததை வைத்திருக்கக் கூடாது. மற்றது 84, குவைத்தெக்கு, அதாவது ஹலிபட் என்கிற பெரிய தட்டைமீனுக்கு. மூக்கு நுனியில் இருந்து வால் நுனிவரை அளக்கவேண்டும். கையை முதலில் கடல்நீரில் நனைத்துவிட்டுத் தூக்கினால் மீனின் வழுவழுப்பு உரியாது.

குவைத்தெ என்றதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். நீ பிறக்க முன்னம், தொழிற்சாலையில் வேலைமுடிந்து நானும் ஒரு கூட்டாளியும் போய், என்னைவிட நீளமான ஒன்றைப் பிடித்தோம். படகில் ஏற்ற ஏலாமல் பக்கத்தில் கட்டி இழுத்து வந்தோம். துறைமுகத்தில் ஆட்கள் கூடிப் படம் எடுத்தார்கள். வயிற்றைக் கிழித்தபோது இரண்டு பக்கமும் முட்டைப்பை நிறைந்திருந்தது. பெரிய குவைத்தெ எல்லாம் அநேகமாய்த் தாய்மீன் என்று பிறகுதான் அறிந்தேன். இறைச்சியும் முரடு, பாதியை ஒருவரும் விரும்பித் தின்னவில்லை. 2017 இல் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட குவைத்தெயைத் திருப்பி விடவேண்டும் என்று சட்டம் வந்தபோது, யாரோ என் காதைப் பிடித்துச் சொன்னது மாதிரி இருந்தது. அப்படி ஒன்று வந்தால் படகில் ஏற்றாதே. தண்ணீருக்குள் வைத்தபடியே தூண்டிலைக் கழற்று, ஏலாவிட்டால் கயிற்றை வாய்க்குக் கிட்ட வெட்டிவிடு.

அதே 2017 இல்தான் இலங்கையிலும், கடலடியை வழித்து இழுக்கிற இழுவைமடி வலையைத் தடைசெய்து சட்டம் வந்தது. சட்டம் வர முன்னமே எங்கள் வடகடலின் அடித்தளம் எத்தனை வருடமாய் வழிக்கப்பட்டது என்று அப்பப்பா கரையில் இருந்து பார்த்த மனிசன். வெறும் வலையோடு திரும்பி வந்த விடியல்களை அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒஸ்லோ ஃபியோர்டும் உனக்குத் தெரியும்தானே, சுவீடன் எல்லையில் இருந்து தெலமார்க் வரை 2019 முதல் தொர்ஸ்க் பிடிக்கவே தடை. இங்கே இன்னும் மீன் இருக்கிறது. எங்களுக்குச் சோறு போட்டு உன்னைப் படிப்பித்த மீன். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாய் எழுதுகிறேன், பிள்ளை.

மீன் வளர்ப்புக் கூண்டுகளுக்கு 100 மீற்றருக்குக் கிட்டத் தூண்டில் போடக்கூடாது. சையும் தொர்ஸ்க்கும் சிந்துகிற தீனுக்கு அங்கேதான் கூடி நிற்கும், பெடியளுக்குக் கை துடிக்கும். படகு ஓடும்போது மிதவைச்சட்டை எல்லோரும் போடவேண்டும். நடுச்சாமத்திலும் வெயில் அடிக்கிறது என்று நம்பி மெல்லிய சட்டையோடு வரவேண்டாம், காற்று எலும்பைத் தொடும்.

ராஜநண்டு கடையில் நான் வாங்கி வைக்கிறேன். மூத்தவன் கூழ் குடித்து வருடக்கணக்கு என்று அம்மா சொல்கிறா. தொர்ஸ்க் தலையும் நண்டுக்காலும் போட்டுக் காய்ச்சுவோம். ஒஸ்லோக் கடையில் ஒடியல் மா இருந்தால் இரண்டு பைக்கற் வாங்கி வா, இங்கே கிடைக்காது.

அன்புடன்,
அப்பா