ஓவிய வியாபாரியின் கடன் கணக்கு

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் பாரிஸ் ஓவிய வியாபாரி பால் துரான்-ருயேல் பற்றிப் படித்தேன். அப்பா கடையால் பணக்காரரானவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தொடக்கத்தில் அது காகிதமும் வண்ணமும் விற்ற கடை. 1865இல் மகன் கைக்கு வந்தது. மோனே, பிஸ்ஸாரோ என்ற ஓவியர்களின் படங்களை யாரும் சீண்டாத காலத்தில் கடன் வாங்கி, மொத்தமாக வாங்கிக் குவித்தார். 1882இல் வங்கி ஒன்று திவாலாக, அவரும் மூழ்கப் பார்த்தார். 1886 நியூயார்க் கண்காட்சிதான் கரையேற்றியது. லாப ஆசையும் இருந்தது, சரி. அந்தத் துணிச்சலுக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அப்புறம், வியாசர்பாடி, காசிமேடு பிள்ளைகளும் அருமையாக வரைகிறார்கள். அவர்கள் படங்களைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருந்தால் அவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

வாசகர், ராயபுரம்