பத்து நாள் நகம்

தக்கலை
15.06.2025

அன்புள்ள மக்கா,

கிறிஸ்துமஸுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உங்கள் வீட்டு அம்மச்சி கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து டப்பா ஆறு மாதமாக எங்கள் அடுக்களையின் மேல்தட்டில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தபடியே இருந்தது. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரியின் சட்டம். அதில் போட்டுக் கொடுக்க உருப்படியாக ஒன்றும் அமையவில்லை என்பது என் சாக்கு. இப்போது அமைந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர் விசேஷத்தை முடித்துவிடுகிறேன். என் முட்டுவலி அப்படியே இருக்கிறது. மகள் பிளஸ் டூ தேறிவிட்டாள். மதிப்பெண்ணைக் கேட்காதே, அவள் உன் கட்சி. மழை முந்திக்கொண்டதால் ரப்பர் வெட்டு முடங்கிக் கிடக்கிறது. ஓட்டைக்குடை சார் நலம். நீ 1989-இல் வாங்கிய ஜியோமெட்ரி பாக்ஸ் எப்போது திரும்ப வரும் என்று சென்ற வாரம்கூட விசாரித்தார். மஸ்கட்டில் நீ அதை வைத்துத்தான் பிழைக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, பக்ரீத் பெருநாளுக்கு வருகிறேன்.

ஆடு வாங்க மச்சானுடன் மேலப்பாளையம் சந்தைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைச் சந்தை, பெருநாளுக்கு நாலே நாள். ஆட்டைவிட ஆள் அதிகம், ஆளைவிட விலை அதிகம். கன்னி ஆடு ஒன்று, கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, பார்த்தவுடன் மனதுக்குப் பிடித்துவிட்டது. "ஒரு வயதுக்கு நான் ஜவாப்தாரி" என்றார் வியாபாரி. "உங்கள் ஹனஃபிக்கு அது போதும் காக்கா, எங்கள் ஷாஃபியில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைய வேண்டும்" என்று சொல்லி (இரண்டும் எங்கள் மார்க்கச் சட்டப் பிரிவுகள்) ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தேன். நாலு பல் விழுந்து முளைத்திருந்தது. காது முழுசு, கண் முழுசு, நொண்டல் இல்லை. நீ எட்டாம் வகுப்பில் ஆட்டின் மேல்பல்லை எண்ணிவிட்டதாகப் பந்தயம் கட்டினாயே, அதை மச்சானிடம் சொன்னேன். சந்தையில் நின்று அவன் சிரித்த சிரிப்பில் வியாபாரி ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டார். ஆட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது என்பதை நீ இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது நினைவிருக்கட்டும்.

உனக்குத் தெரியும், பெருநாள் பலியான குர்பானி கொடுக்க நினைத்திருப்பவன் துல்ஹஜ் மாதத்தின் முதல் பிறையிலிருந்து அறுக்கிற நேரம்வரை முடியும் நகமும் வெட்டக் கூடாது. இந்த முறை மே 29 அன்று முதல் பிறை. என் தாடியைப் பார்த்து அலுவலகத்தில் காய்ச்சலா என்று கேட்டார்கள். நகம் வேறு, பேனா பிடித்தால் உள்ளங்கையில் குத்தியது. இந்த நகத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வை, பிறகு தேவைப்படும்.

வாப்பா போன பிறகு இத்தனை வருடம் ஆள் வைத்துத்தான் அறுத்தேன். இந்த முறை நானே கத்தியைப் பிடித்தேன். ஆட்டின் கண்ணுக்கு எதிரே கத்தி தீட்டக் கூடாது என்று வாப்பா அதை முதுகுக்குப் பின்னால் துண்டில் சுற்றி வைத்திருப்பாரே, அப்படியே வைத்திருந்தேன். பிஸ்மி சொல்லித் தக்பீர் சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை. கால் பிடித்த என் பையன் பிறகு வெகு நேரம் கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிடவில்லை. நீயும் நானும் அந்த வயதில் அப்படி உட்கார்ந்தவர்கள்தானே.

உரித்துக் கொடுத்தவருக்குக் கூலி தனியாகப் பணமாகக் கொடுத்தேன். கறியிலோ தோலிலோ கழிக்கக் கூடாது. தோலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. முன்பு பெருநாள் சாயங்காலம் தோலுக்குப் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள், மதரஸாவுக்கு அதில் நல்ல வருமானம். இந்த வருடம் தோல்காரர் சொன்ன விலைக்கு ஒரு சாயா குடிக்கலாம், வடை கிடையாது.

இனி விஷயம். எங்கள் தெருவில் சென்ற வருடத்திலிருந்து ஏழைகளின் பங்கை எல்லோரும் ஓரிடத்தில் சேர்த்து, அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டி, டோக்கன் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் பத்து வீட்டில் வாங்குகிறார், வெட்கப்படுகிறவருக்கு ஒன்றும் போவதில்லை என்று குறை வந்ததால் செய்த ஏற்பாடு. தப்பான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். இந்த வருடம் வாசலில் டோக்கன் சரிபார்க்கும் பெரிய உத்தியோகம் எனக்கு.

பெருநாள் சனிக்கிழமை, பன்னிரண்டு மணி இருக்கும். வடக்கத்தி வேலைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மேற்குப் பக்கம் கட்டிடம் எழும்புகிறதே, அங்கே சிமெண்ட் குழைக்கிறவர்கள். இரண்டு பேர் தொப்பி போட்டிருந்தார்கள். மூத்தவர் நெஞ்சின் இடது பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "ஹிஸ்ஸா, ஹிஸ்ஸா" என்றார். எனக்குத் தெரிந்த பதினோரு இந்தி வார்த்தைகளில் அது ஒன்று. பங்கு. கறியில் பங்கு கேட்கிறார். டோக்கன் இருக்கிறதா என்று சைகை காட்டினேன். இல்லை. பின்னால் வரிசை நெருக்கியது. அந்தக் கையில் நகம் நீண்டு, உள்ளே சிமெண்ட் படிந்து கிடந்தது. பெருநாளைக்காவது நகத்தை வெட்டிக்கொண்டு வரக் கூடாதா என்று நினைத்தேன் மக்கா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், என் பத்து நாள் நகத்தை அன்று காலையில்தான் வெட்டி எறிந்திருந்தேன். "டோக்கன் நஹி. கல் ஆவோ" என்றேன். நாளைக்கு வா. நாளைக்கு அங்கே ஒன்றுமே கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆளை அனுப்புவதற்குச் சொன்ன வார்த்தை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி வீட்டில் ஃப்ரீசர் மூட மாட்டேன் என்றது. ஐஸ் தட்டையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, உள்ளே கறிப் பைகளை முழங்காலால் தள்ளிக்கொண்டிருந்தாள் வீட்டுக்காரி. எங்கள் ஆட்டின் பங்கு, மச்சான் வீட்டுப் பங்கு, எதிர்வீட்டுப் பங்கு, நாங்கள் கொடுத்த வீடெல்லாம் திருப்பிக் கொடுத்த பங்கு. நாங்கள் அவர்களுக்கு, அவர்கள் எங்களுக்கு. ஒரே கறி தெருவைச் சுற்றி வந்து உறைந்துபோகிறது. வாப்பா காலத்தில் நாம் இரண்டு பேரும் தேக்கிலைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அன்று வாப்பா அத்தனை தாராளமானவர் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்பதும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. மீறிப்போனால் உம்மா மஞ்சளும் உப்பும் போட்டு வெயிலில் கோர்த்துத் தொங்கவிடுவார். அதையும் காக்கைக்குப் பாதி, உனக்குப் பாதி.

அப்போதுதான் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் முன்பு பயான் பேச்சில் சொன்னது நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் ஒரு வருடம் குர்பானி இறைச்சியை மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தைத் தர்மம் செய்துவிடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். அடுத்த வருடம், வைத்துக்கொள்ளலாம், உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மமும் கொடுங்கள் என்று தளர்த்தினார்கள். அந்த ஒரு வருடம் மட்டும் ஏன் என்றால், பாலைவனத்திலிருந்து பசியோடு ஒரு கூட்டம் அந்தப் பெருநாளைக்கு மதீனாவுக்கு வந்திருந்தது. தாஃப்பா என்று அதற்கு அரபியில் பெயர். மெல்ல நடந்து வருகிற கூட்டம். ஊர்க்காரர்கள் அல்ல. மதீனாவில் யாரும் அவர்களிடம் டோக்கன் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கிலோ ஆட்டுக்கறியை எடுத்துக்கொண்டு அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன். அடுத்தவன் பாவத்தை மன்னிக்கப் போகிறவனைப் போலத்தான் போனேன் என்று வை. அங்கே முர்ஷிதாபாத் பையன் ஒருவன், நாலு வருடமாக இங்கே இருக்கிறான், நம் ஊர்த் தமிழ் பேசுகிறான். முதல் நாள் அவன் இவர்களோடு வரவில்லை. என்னைப் பார்த்ததும், "நாளைக்கு வரச் சொன்னீர்களாம், கிளம்பிக்கொண்டிருந்தார்கள், நீங்களே வந்துவிட்டீர்கள்" என்றான். மூத்தவர் சட்டையின் இடது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து விரித்தார். ரூபாய். நாலாயிரம். பழைய நோட்டு, கசங்கின நோட்டு.

அவர் பங்கு வாங்க வரவில்லை மக்கா, பங்கு போட வந்தவர். மாடென்றால் ஏழு பேர் கூட்டாகக் கொடுக்கலாம் அல்லவா, அதில் ஒரு ஹிஸ்ஸா. ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், இந்த வருடமாவது தன் பெயரில் ஒரு குர்பானி என்று பத்து நாளாக நகம் வெட்டாமல் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் வெட்டவில்லை. நான் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன் அல்லவா!

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீ கற்பனை செய்துகொள். கணக்குப் பரீட்சையில் உன் தாளைப் பார்த்து எழுதி மாட்டினேனே, அதைப் போல நாலு மடங்கு.

எங்கள் பக்கம் மாடெல்லாம் அறுத்து முடிந்துவிட்டது. ஹனஃபிகளுக்குப் பிறை பன்னிரண்டின் மாலையோடு நேரம் முடியும், அவர் ஹனஃபி. திங்கட்கிழமை சூரியன் மறைவதுதான் கெடு. பதினெட்டுப் பேருக்குப் போன் போட்டேன். கடைசியில் தேங்காய்ப்பட்டணத்தில் மாமியின் மருமகன் வழியாக, ஆறு பங்கு சேர்ந்து ஏழாவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு மாடு அகப்பட்டது. திங்கள் காலையில் லீவு போட்டுவிட்டு அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கருங்கல் வழியாகப் போனேன். ஏழு பெயரையும் எழுதிப் படித்தார்கள். அவர் பெயர் மட்டும் எழுதினவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை கேட்டு, தகப்பனார் பெயரையும் கேட்டு எழுதினார். அறுத்து முடிந்ததும் கிணற்றடியில் ஒரு பிளேடை வாங்கி உட்கார்ந்து பத்து விரலையும் வெட்டினார். நான் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் வேடிக்கை. அவர் பங்குக்குப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாமல் வந்தது. கொட்டகையில் பிளாஸ்டிக் தாளை விரித்து மூன்றாகப் பிரித்தார். ஒன்று அவர்களுக்கு. ஒன்று பக்கத்துக் கொட்டகைகளுக்கு. மூன்றாவது சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் உரியது. இங்கே அவருக்குச் சொந்தம் யார்? திங்கள் ராத்திரி எட்டு மணிக்கு அந்த நாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்! வீட்டுக்காரி ஃப்ரீசரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வைக்க ஓர் அங்குல இடமில்லை. அன்று ராத்திரியே அடுப்பு மூட்டி, தேங்காய்க் கொத்துப் போட்டு வறுத்தாள். மறுநாள் ஃப்ரீசரையும் காலி செய்தேன். கொட்டகைக்கு, பின்னால் இருக்கும் செங்கல் சூளைக்கு, ரப்பர் வெட்டுகிற உன் பழைய எதிரி வீட்டுக்கு. அன்று வாசலுக்கு வந்த மூவரில் தொப்பி போடாதவர் ஒடிசாக்காரர், இந்து, மாட்டுக்கறி சாப்பிட மாட்டார். ஆனால் அந்த நாலாயிரத்தில் ஐந்நூறு அவர் கைமாற்றாகக் கொடுத்தது. அவருக்கு ஆட்டுக்கறி. குர்பானி இறைச்சியை முஸ்லிம் அல்லாதவருக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் சட்டம் பேச வந்தார். ஹனஃபியில் தடையில்லை, நம் ஷாஃபியில் கருத்து வேறுபாடு உண்டு, வாப்பா நாற்பது வருடம் அம்மச்சிக்குக் கொடுத்தார், அந்தக் கணக்கை அவரிடமே போய்க் கேளுங்கள் என்றேன்.

அந்த வறுவலைத்தான் முந்திரிக்கொத்து டப்பாவில் நிறைத்து அம்மச்சியிடம் கொடுத்தேன். உப்புக் குறைவு என்றார். டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு மறுபடி வரும்.

உன்னிடம் ஒரு வேலை. மஸ்கட்டில் நீ இந்தியும் பெங்காலியும் கேட்டுப் பழகியிருப்பாய். அடுத்த வருடம் வாசலில் தொங்கவிட ஒரு பலகை எழுத வேண்டும். ஹிஸ்ஸா வாங்க வருகிறவர் எந்தப் பக்கம், ஹிஸ்ஸா போட வருகிறவர் எந்தப் பக்கம் என்று இரண்டு மொழியிலும் யாரிடமாவது எழுதி வாங்கி அனுப்பு. டோக்கன் என்ற வார்த்தை அதில் வர வேண்டாம். உத்தியோகத்திலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை.

உன்
காதர்